மொட்டைமாடி விளக்குகள்

புதுவை நகரத்தில் கோடைகாலத்து மாலைப்பொழுதில் வீட்டார் அனைவரும் கூடுமிடம் மொட்டைமாடியே. பகலெல்லாம் வெயிலிற் காய்ந்த தளத்தின்மீது நீர் தெளித்துப் பாய் விரித்தால், சற்று நேரத்தில் கடற்காற்றும் வந்து சேரும். அவ்விடத்திற்கு எத்தகைய விளக்கு ஏற்றது, அதனை எங்ஙனம் பொருத்துவது என்பதே ஈண்டு ஆராயத்தக்க விஷயம்.

இக்காலத்தில் விளக்கு என்றால் எல்.இ.டி. என்றே பொருள்படுகிறது. 1962-இல் நிக் ஹோலோன்யாக் என்பார் செவ்வொளி தரும் சில்லு ஒன்றைச் செய்து காட்டினார். வெண்மையான வெளிச்சத்திற்கு இன்றியமையாத நீல ஒளியோ அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருடைய நெடுநாள் உழைப்பினாற் கைகூடியது. அம்மூவரும் 2014-இல் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வாண்டிலேதான் புதுவை வீடுகளில் பழைய குண்டு பல்பைப் பெற்றுக்கொண்டு 10 ரூபாய்க்கு எல்.இ.டி. பல்பு வழங்கும் அரசாங்கத் திட்டமும் நடந்தது. அறைக்குள் நன்றாய் எரிந்த அப்பல்பையே பலரும் மாடியிலும் தொங்கவிட்டனர்.

எங்கள் இல்லத்திலும் அவ்விதமே செய்தோம். துணி உலர்த்தும் இரும்புக் கம்பியோடு சேர்த்து மின்கம்பியைக் கட்டியிருந்தோம். ஈராண்டு வெயிலில் அதன் மேலுறை வெடித்துப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஐப்பசி மாதத்து மழை ஓய்ந்த ஒரு மாலையில், துணி எடுக்கச் சென்ற என் தமையனார் கம்பியைத் தொட்டார். கை தானாக உதறிக்கொண்டு விலகியமையால் பிழைத்தார். அன்றுமுதல் இவ்விஷயத்தை அற்பமென்று நான் எண்ணுவதில்லை.

அந்த மின்கம்பியில் ஓடியது 230 வோல்ட். மாடியில் ஈரக்காலோடு நடமாடும் இடத்தில் அத்துணை வேண்டுவதில்லை. 24 வோல்ட்டிலே எரியும் விளக்குகள் கிடைக்கின்றன. 230-ஐ 24 ஆக மாற்றித்தரும் ‘டிரைவர்’ என்னும் கருவியை மாடிப்படியின் மேலுள்ள சிறு அறையில், மழை படாமலும் காற்றோட்டம் குறையாமலும் வைத்தல் வேண்டும். விளக்கின் சில்லு நெடுங்காலம் உழைக்கும். உஷ்ணத்தால் முதலிற் கெடுவது பெரும்பாலும் டிரைவரே. அதன் இருபுறத்து மின்சுற்றுக்களும் தம்முள் தொடர்பின்றிப் பிரிக்கப்பட்டவையா என்பதைக் கேட்டு வாங்குக. அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருத்தல் அவசியம்.

12 வோல்ட் விளக்குகளும் விற்கின்றனவே, அவை ஆகாவோ என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 3 வாட் விளக்குகள் எட்டு. ஆக 24 வாட். டிரைவரிலிருந்து 20 மீட்டர் தொலைவில் அவை இருப்பதாகக் கொண்டால், போகவும் வரவும் கம்பி 40 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியாயின் அதன் மின்தடை ஏறக்குறைய 0.7 ஓம். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடி, 1.4 வோல்ட் வழியிலேயே குறையும். இது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. 24 வோல்ட்டிலோ ஓடுவது ஒரே ஆம்பியர், குறைவது 0.7 வோல்ட், அதாவது நூற்றுக்கு மூன்று பங்கு. முதல் விளக்குப் பிரகாசமாகவும் கடைசி விளக்கு மங்கலாகவும் எரியும் வீடுகளில் காரணம் இதுவே. 24 வாட்டிற்கு 30 வாட் டிரைவர் போதும். முழுப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றலாகாது.

இனி விளக்கின் கூடு. பெட்டியின்மேல் ஐ.பி. என்று எழுதி இரண்டு இலக்கங்கள் இட்டிருப்பார்கள். முன்னது தூசிக்கும் பின்னது நீருக்கும் உள்ள காப்பைக் குறிக்கும். 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீரையும் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்து நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். சுவரில் மாட்டுவதற்கு முன்னதே போதுமானது. ஆயினும் இவ்விலக்கங்கள் உப்பைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. புதுவையில் விளக்கைத் தின்பது மழையைக் காட்டிலும் உப்புக்காற்றே. அலுமினியக் கூட்டில் சாதாரண இரும்புத் திருகாணி முடுக்கினால், உப்பீரம் படிந்து, ஈருலோகங்களும் ஒரு மின்கலம் போலாகி அரிக்கத் தொடங்கும். ஆகவே 316 என்னும் இனத்து எவர்சில்வர்த் திருகாணிகளைத் தேர்ந்து, உலோகங்கள் தம்முள் தொடாதபடி நைலான் வளையம் இட்டு முடுக்குவதே தக்கது.

பொருத்தும்போது மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. வைசியாள் வீதி முதலிய தமிழர் வீதிகளிலும் கடலையடுத்த பிரெஞ்சு வீதிகளிலும் உள்ள பழைய வீடுகள் பலவற்றின் கூரை ‘மதராஸ் தளம்’ எனப்படுவது. மர விட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, ஆட்கள் வரிசையாயமர்ந்து நாட்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கிய தளம் அது. அதில் ஒரு துளை போட்டால் மழைநீர் சுண்ணாம்பின் வழியே இறங்கி விட்டத்தின் தலையை அடையும். மேலே நிற்பவருக்கு ஒன்றுந் தெரியாது, மரம் உளுத்த பின்னரே தெரியும். 2024 நவம்பர் 30-ஆம் நாள் கரைகடந்த பெஞ்சல் புயலின்போது இந்நகரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை நினைவு கூர்க. ஆகையால் தரையிற் பதிக்கும் விளக்கு, எத்துணை அழகாயினும், இவ்வீடுகளுக்கு ஆகாது. கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் முழங்கால் உயரத்திலே விளக்கைப் பொருத்தி, கம்பியைக் குழாய்க்குள் இட்டு, அக்குழாயையும் அச்சுவரோடே கொண்டு செல்லுக. நீர் ஓடித் தூம்பை அடையும் வழியில் குழாய் குறுக்கிடலாகாது. கம்பி விளக்கினுள் நுழையுமுன் சற்றே கீழ்நோக்கித் தொங்கி வளையுமாயின், அதன்வழி வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் அளவால் குறிப்பர். 2700 மஞ்சள் சார்ந்தது. 6500 நீலம் சார்ந்தது. நீல ஒளிக்குப் பூச்சிகள் மிகுதியாய் வரும். உணவருந்தும் இலையில் வந்து விழும். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீதிகளில் அடுத்த வீட்டார் உறங்க வேண்டுமென்பதையும் கருதி, ஒளி கீழ்நோக்கி விழும் மூடியுள்ள விளக்கையே கொள்ளுக.

நகருக்குத் தெற்கே மணற்கரையை நோக்கிய வீடுகளில் இக்கவனம் இன்னும் வேண்டும். தை முதல் பங்குனி வரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட இக்கரையோரம் ஏறுகின்றன. இரவில் வெளிப்படும் குஞ்சுகள் பிரகாசமான திசையைக் கடலென்றெண்ணிச் செல்லும் இயல்பின. மாடி விளக்கைக் கண்டு ஊர்ப்பக்கம் திரும்பினால் விடியுமுன் நாய்க்கும் காகத்திற்கும் இரையாகும். அம்மாதங்களில் கடற்புறத்து விளக்குகளை அணைத்து வைத்தலே நன்று. இயலாதவர் செம்மஞ்சள் ஒளியைத் தாழ்வாகப் பொருத்தலாம்.

வேலை முடிந்ததும் கூலி கொடுக்குமுன், ஒரு வாளி நீரை விளக்குகளின்மீது ஊற்றச்செய்து, ஒரு மணி நேரம் எரியவிட்டுக் கண்ணாடிக்குள் ஆவி படிகின்றதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்துக. புரட்டாசி பிறந்ததும் விளக்கை அணைத்து, கூடுகளில் படிந்த உப்பை நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். எட்டு விளக்குகளுக்கும் கால்மணி நேரம் பிடிக்கும்.