இரவில் தைராய்டு மாத்திரையும் தூக்க மாத்திரையும்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களோடு மருந்துச் சீட்டுகளும் வருகின்றன. ஐம்பதைக் கடந்த தாய்மார்களின் சீட்டுகளில் அடிக்கடி இரண்டு மாத்திரைகளைச் சேர்த்தே பார்க்கிறோம். ஒன்று தைராய்டு குறைவுக்கான தைராக்ஸின். கடையில் தைரோநார்ம், எல்ட்ராக்ஸின் என்ற பெயர்களில் கிடைப்பது. மற்றொன்று தூக்கத்துக்கானது. "காலையில் மறந்து போகிறது, இரண்டையும் ராத்திரியே போட்டுக்கொள்ளலாமா?" என்று பலர் கேட்கிறார்கள்.

தைராக்ஸினைக் காலையில்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கப் போகும்போது போட்டபோது அது காலையில் போட்டதைவிட நன்றாகவே வேலை செய்தது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இரண்டு நேரத்தையும் ஏற்கிறது. காலை என்றால் நாஷ்டாவுக்கு ஒரு மணி நேரம் முன்பு. இரவு என்றால் சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழிந்த பிறகு. குடலில் உணவு இருந்தால் இந்த மாத்திரை முழுமையாக உடலில் சேராது என்பதே காரணம்.

நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான். இஷா தொழுதுவிட்டு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுக்கிறோம். 3 மணி நேரம் எங்கே இருக்கிறது? போதாததற்கு, தூக்கம் வர ஒரு டம்ளர் சூடான பால். பாலில் உள்ள கால்சியம் தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலும்புக்கான கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்து, இப்போது தூக்கத்துக்கென்று விற்கப்படும் மெக்னீசியம் ஆகியவையும் அப்படித்தான். இவற்றுக்கும் தைராக்ஸினுக்கும் இடையே 4 மணி நேரம் வேண்டும்.

குளோனஸிபாம், அல்பிரஸோலாம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் இந்தத் தடுக்கும் வரிசையில் சேராதவை. ஆகவே வயிறு காலியாக இருந்தால், தைராக்ஸினை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, தூக்க மாத்திரையைப் படுக்கும் நேரத்தில் போடுவதில் பொதுவாகத் தடை இல்லை. ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே நேரத்தை மாற்றுங்கள். அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து குடிப்பவர்கள் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமுக்கரா சிலருக்குத் தைராய்டு சுரப்பின் அளவை ஏற்றிவிடும். நாட்டு மருந்துதானே என்று சொல்லாமல் விடுவது நம்மிடம் உள்ள பழக்கம்.

நேரம் தவறினால் என்ன ஆகும்? பாலோடு போட்ட மாத்திரை முழுமையாக வேலை செய்யாது. டிஎஸ்ஹெச் அளவு ஏறும். மருத்துவர் 75 மைக்ரோகிராமை 100 ஆக்குவார், பிறகு 125 ஆக்குவார். அந்தத் தாயார் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்குகிறார். அங்கே இரவுப் பால் இல்லை. இப்போது 125-ம் முழுதாக உடலில் சேர்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் போகிறது. உடனே தூக்க மாத்திரை கேட்கிறோம். தூக்கத்தைக் கெடுத்ததே தைராய்டு மாத்திரையின் அளவாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தைராக்ஸின் நெடுநாள் மிகுதியானால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலியும். தூக்க மாத்திரையோ நடையைத் தள்ளாட வைக்கும். ஃபஜ்ருக்கு எழுந்து ஒளூச் செய்யப் போகும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு அந்த வீடே படுத்துவிடுகிறது. இரண்டு மாத்திரையும் போடும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக்கு ஒரு கைப்பிடியும் இரவு விளக்கும் போட்டுவிடுங்கள்.

மறதி இன்னொன்று. தூக்க மாத்திரை போட்டபின் அரைத் தூக்கத்தில், தைராய்டு மாத்திரை போட்டோமா என்ற சந்தேகத்தில் மறுபடி விழுங்குபவர்கள் உண்டு. ஏழு நாள் அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி வாங்கி, மருமகளோ பேரனோ வாரம் ஒருமுறை நிரப்பிக் கொடுத்தால் போதும். சந்தேகம் வந்தால் போடாமல் விடுங்கள். தைராக்ஸினின் அளவு பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகிவிடாது.

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிக்க முடியாத வீட்டுக்கு ஃபஜ்ர் நேரமே நல்லது என்பது என் கருத்து. பாங்கு சொன்னதும் தண்ணீரோடு மாத்திரை. தொழுது, ஓதி முடித்தபின் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர். ரமளானில் இது இயலாது. அப்போது ஸஹருக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து போடலாம். அல்லது இஃப்தாரோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டு, 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். சோல்பிடெம் போட்டால் 7, 8 மணி நேரம் படுக்க வேண்டும். ஸஹருக்கு எழ வேண்டிய மாதத்தில் அது கிடைக்காது என்பதால், நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். குளோனஸிபாம், அல்பிரஸோலாம் நெடுநாள் போடுபவர்கள் அவற்றைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம்.

நேரத்தை மாற்றியவர்கள் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பரிசோதனை செய்து, அந்தச் சீட்டோடு எந்த நேரத்தில், எதனோடு மாத்திரை போடுகிறீர்கள் என்பதையும் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.