நார்வேயிலிருந்து போனவர்களின் கிளைகளைத் தேடுவது



1825 ஜூலையில் நார்வேயின் ஸ்டாவாங்கர் துறைமுகத்திலிருந்து ‘ரெஸ்டவ்ராசியோன்’ என்ற சிறு பாய்மரக் கப்பல் 52 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அக்டோபரில் நியூயார்க்கை அடைந்தபோது அதில் 53 பேர் இருந்தார்கள். நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அடுத்த நூறாண்டில் ஏறக்குறைய 8 லட்சம் நார்வேக்காரர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். ஊரில் பண்ணை பெரும்பாலும் மூத்த மகனுக்கே போயிற்று. அமெரிக்காவிலோ 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் கிடைத்தது. போனவர்கள் கடிதம் எழுதினார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் மொழி மறந்து, தொடர்பு அறுந்தது.

அப்படிப் பிரிந்துபோன குடும்பக் கிளைகளைத் தேடுவோர் முதலில் பற்றிக்கொள்வது குடும்பப் பெயரை. ஏமாற்றுவதும் அதுவே. ஹான்ஸின் மகன் ஊலே, ‘ஊலே ஹான்சென்’, ஊலேயின் மகன் லார்ஸ், ‘லார்ஸ் ஊல்சென்’, மகளானால் ‘ஊல்ஸ்டாட்டர்’. இதோடு குடியிருந்த பண்ணையின் பெயரும் சேரும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்ற சட்டம் 1923-ல்தான் வந்தது. அமெரிக்காவில் ஒரு சகோதரர் தந்தை வழிப் பெயரையும் மற்றவர் பண்ணைப் பெயரையும் வைத்துக்கொண்டதால், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளே வெவ்வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். தேடலுக்கு உறுதியான பிடி மூன்று: இயற்பெயர், பிறந்த தேதி, பிறந்த பண்ணையும் அது சேர்ந்த திருச்சபையும்.

இவற்றைத் தருவது சபைப் பதிவேடு. ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகியவற்றோடு, ஊரைவிட்டுப் போனவர்களையும் போதகர் குறித்துவைத்தார். 1867 முதல் கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ) காவல்துறையும் குடிபெயர்வோர் பட்டியலைப் பராமரித்தது. இவற்றில் பெரும்பகுதியை நார்வே தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருப்பது உண்மையிலேயே பெரிய கொடை. ஒன்றில் கவனம் தேவை: பட்டியலில் சேருமிடம் ‘சிகாகோ’ என்று எழுதியிருந்தால், பயணச்சீட்டு அங்கே முடிகிறது என்றுதான் பொருள், போனவர் மினசோட்டாவில் உழுதிருக்கலாம். 1850-களிலும் 1860-களிலும் பலர் கனடாவின் கியூபெக்கில் இறங்கியதால், நியூயார்க் பட்டியல்களில் அவர்கள் அகப்படமாட்டார்கள்.

அமெரிக்கப் பக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவும், ஆனால் பிறப்பிடத்தைப் பற்றி ‘நார்வே’ என்பதற்கு மேல் பெரும்பாலும் சொல்லாது. 1900-ன் ஏடு பிறந்த மாதத்தையும் குடியேறிய ஆண்டையும் சேர்த்துத் தருகிறது. 1890-ன் ஏடுகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன. நார்வே லுத்தரன் சபைகளின் பதிவேடுகளோ பல இடங்களில் பிறந்த ஊரையே சொல்லும்.

பின்னோக்கித் தேடுவதைவிட, போனவரிலிருந்து இன்று வாழ்பவர்வரை இறங்கி வருவது கடினம். பெண்கள் கணவர் பெயருக்குள் மறைந்துவிடுவார்கள். இங்கே கைகொடுப்பது பத்திரிகைகளின் மரண அறிவிப்பு. இறந்தவரின் பிள்ளைகள், அவர்கள் வசிக்கும் ஊர்கள், மணமான மகள்களின் புதிய பெயர்கள், சில வேளை நார்வேயில் மிஞ்சியிருந்த சகோதரி வரை அதில் இருக்கும். ஒரு அறிவிப்பிலிருந்து அடுத்த தலைமுறையின் அறிவிப்புக்கு நகரலாம். அயோவாவின் டெக்கோராவிலிருந்து 1874 முதல் 1972 வரை வெளிவந்த ‘டெக்கோரா-போஸ்டன்’ இத்தேடலில் புரட்ட வேண்டிய நார்வே மொழிப் பத்திரிகை. ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் அமைத்துக்கொண்ட சங்கங்களும், விஸ்கான்சினின் மேடிசனில் உள்ள நார்வே-அமெரிக்க வம்சாவளி நூலகமும் குடும்ப வரலாறுகளைச் சேர்த்துவைத்திருக்கின்றன.

ஒரே வட்டாரத்தில் ஒரே பெயரில் பலர் இருந்ததால், தனித்தனியான இரு ஆவணங்களாவது ஒத்துப்போன பிறகே ஒருவரை ஏற்க வேண்டும். மரபணுச் சோதனை துணைச் சான்றுதான்: தூரத்து உறவினர் சிலரிடம் பொதுவான மரபணுத் துண்டே இராது, சிறு பள்ளத்தாக்குகளில் உறவுக்குள்ளேயே மணம் நடந்திருந்தால் நெருக்கம் மிகையாகத் தெரியும்.

வாழும் உறவினருக்கு எழுதும் முதல் கடிதம் சுருக்கமாக இருப்பது நல்லது. இரு கிளைகளும் சேரும் மூதாதையின் பெயர், பண்ணை, பிறந்த தேதி, பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஆகியவை போதும். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை அவர்களின் சம்மதம் பெற்ற பிறகே வம்சாவளியில் சேர்க்க வேண்டும்.