பின்னால் வரும் செலவு

கைத்தொலைபேசி மூலம் சீனாவிலிருந்து சாமான் எடுப்பிக்கும் வழக்கம் இப்போது எமது கிராமங்களுக்கும் வந்துவிட்டது. மருந்தடிக்கும் மெசினுக்குத் திரையில் ஒரு விலை போட்டிருக்கும். அது வீடு வந்து சேருவதற்குள் அனுப்பும் கூலி, சுங்கத் தீர்வை, டொலரின் நாணயமாற்று என்பன கூடிவிடும். 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியும், சாமானின் விலைக்கு மட்டுமன்றி, கூலியையும் தீர்வையையும் சேர்த்தே கணக்கிடப்படும். மெசின் பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு அதன் விலையையே விஞ்சலாம். ஆகவே, வீட்டு வாசல் வரையான மொத்தச் செலவைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அரசுகளின் திட்டங்களுக்கும் இதே கணக்கு உண்டு. அந்தச் சாமான்களைச் செய்து அனுப்பும் சீனாவின் சனத்தொகைக் கொள்கை இதற்கு ஒரு பாடமாகும்.

கொள்கை வந்த விதம்

1970ஆம் ஆண்டளவில் சீனப் பெண்கள் சராசரியாக ஆறு பிள்ளைகள் வரை பெற்றனர். பிந்தித் திருமணம் செய்தல், பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடுதல் என்ற பிரசாரத்தின் பின் 1979இல் இது மூன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. எனினும் 1980இல் ஒரு பிள்ளைக் கொள்கை நாடெங்கும் கொண்டுவரப்பட்டது. மீறியோர் அபராதம் கட்டினர். பல இடங்களில் கட்டாயக் கருத்தடையும் கருக்கலைப்பும் நடந்தன. வயலுக்கு ஆளும் முதுமைக்குத் துணையும் பிள்ளைகளே என்றிருந்த விவசாயிகள் இதை எதிர்த்தனர். 1984இன் பின் பல மாகாணங்களில், முதற் பிள்ளை பெண்ணாயின் கிராமத்தவர் இன்னொரு பிள்ளை பெற இடமளிக்கப்பட்டது.

முன்னால் தெரிந்த இலாபம்

உழைக்கும் வயதினர் பெருகி, தங்கி வாழும் சிறுவர் குறைந்தனர். குடும்பங்கள் சேமித்தன. கிராமத்து இளைஞர் குவாங்டொங், செஜியாங் மாகாணத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். சீனச் சாமான்களின் மலிவுக்கு இவர்களது குறைந்த கூலியும் ஒரு காரணம். ஆயினும் இவ்வளர்ச்சிக்குக் கொள்கை மட்டும் காரணமல்ல. கல்வியும், சுகாதாரமும், 1978இன் பின் வந்த பொருளாதார மாற்றங்களும் காரணங்களே.

பின்னால் வந்த செலவு

ஆண் பிள்ளையை விரும்பியோர் பெண் கருவை அழித்ததால், 2000ஆம் ஆண்டளவில் 100 பெண் குழந்தைகளுக்கு 117 அளவில் ஆண் குழந்தைகள் பிறந்தனர். 2012 முதல் உழைக்கும் வயதினர் தொகை குறையத் தொடங்கியது. தனிப் பிள்ளைகளான கணவனும் மனைவியும் நான்கு பெற்றோரைப் பார்க்க வேண்டியதாயிற்று. இளையோர் நகருக்குப் போன கிராமங்களில் முதியோரே வயல் செய்கின்றனர்.

2016இல் இரண்டு பிள்ளைகளுக்கும், 2021இல் மூன்றுக்கும் அனுமதி வந்தது. ஆயினும் 2016இல் சுமார் 1 கோடி 80 இலட்சமாக இருந்த பிறப்புகள் 2022இல் 95 இலட்சமாகின. 1961இன் பின் முதற் தடவையாக அவ்வாண்டில் சனத்தொகையே குறைந்தது. 2025இல் ஓய்வு வயதைப் படிப்படியாக உயர்த்தத் தொடங்கினர். அதே ஆண்டில் மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 3,600 யுவான் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. முன்பு பிள்ளைக்கு அபராதம் வாங்கிய அரசு இன்று பிள்ளைக்குப் பணம் கொடுக்கிறது. வீட்டு விலையையும் படிப்புச் செலவையும் கண்டு இளந்தம்பதியர் தயங்குகின்றனர்.

நாம் கற்பது

இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தபோது, பங்கீட்டு அட்டையில் நாம் வாய்களாகவே எண்ணப்பட்டோம். காணிக்குத் திரும்பியவர்களுக்கோ பற்றை வெட்டவும், கிணறு இறைக்கவும், வரம்பு கட்டவும் கைகளே தேவைப்பட்டன. வாயை மட்டும் எண்ணும் திட்டம் கையை மறந்துவிடுகிறது. எத்தனை பிள்ளைகள் என்பதைக் கணவனும் மனைவியும் தம் மனச்சாட்சிப்படி, தாயின் உடல்நலத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் எண்ணித் தீர்மானிக்க வேண்டும். அதை எவரும் அவர்கள்மீது திணிக்கக்கூடாது.

குழுவாகச் சிந்திக்க

1. கடைசியாக நாம் எடுப்பித்த சாமானின் மொத்தச் செலவு என்ன? உள்ளூரில் வாங்கியிருந்தால் எவ்வளவு?

2. எமது கிராமத்தில் இன்று வயல் செய்வோர் எந்த வயதினர்? இருபது ஆண்டுகளின் பின் யார் செய்வர்?

3. எமக்கென வரும் திட்டங்களில் பின்னால் வரும் செலவை யார் சுமப்பார்? அதைத் தொடக்கத்திலேயே கேட்கிறோமா?