வெர்சாய்க்குப் போறியா? தோட்டத்துல இருந்து ஆரம்பி!

அத்தையையும் குட்டியையும் கூட்டிட்டு வெர்சாய் அரண்மனையைப் பார்க்கப் போறேன்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு அதே நினைப்புதான். அக்கா சொல்றதைக் கேளு. எல்லாரும் காலையிலேயே அரண்மனைக்குள்ள முண்டியடிப்பாங்க. நானும் அப்படித்தான் போனேன். 73 மீட்டர் நீளமான கண்ணாடி மண்டபத்துல நான் பார்த்தது முன்னாடி நின்னவங்க தலையையும், தூக்கிப் பிடிச்ச செல்போனையும்தான். நீ அப்படியே மாத்திப் போ: காலையில தோட்டம், சாயங்காலம் அரண்மனை.

எல்லாத்துக்கும் சேர்த்து ‘பாஸ்போர்ட்’னு ஒரே டிக்கெட் இருக்கு. ஆன்லைன்ல எடுக்கும்போது அரண்மனைக்குள்ள நுழையுற நேரத்தை நாலு மணி வாக்குல போட்டுக்கோ. குளிர்காலம்னா மூணு மணி. அப்போ சீக்கிரம் மூடிடுவாங்க. ஆர்.இ.ஆர். சி ரயில்ல வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ் ஸ்டேஷன்ல இறங்கினா பத்து நிமிஷ நடை.

நீரூற்று ஓடுற நாளாப் பார்த்துப் போ. ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் சனி, ஞாயிறுல இருக்கும். 14-ஆம் லூயி காலத்துல எல்லா ஊற்றுக்கும் ஒரே நேரத்துல விடத் தண்ணி பத்தாது. ராஜா நடந்து வர வர, வேலையாட்கள் விசில் அடிச்சு, அடுத்த ஊற்றைத் திறந்து விடுவாங்களாம். இதைக் குட்டிகிட்ட சொல்லு, நாள் பூரா விசிலடிச்சிட்டே வருவான்.

பாதையெல்லாம் பொடிக்கல். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். திரியனான் மாளிகைகள் ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அத்தையை நடக்க வைக்காதே, குட்டி ரயில் ஓடுது, அதுக்குத் தனி டிக்கெட். கட்டிட்டுப் போற தயிர் சாதத்தைத் தோட்டத்துப் புல்வெளியில பிரிக்கக் கூடாது. அதைத் தாண்டி இருக்கிற பூங்காப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

திரியனானை 12 மணிக்குத்தான் திறப்பாங்க. அங்கே ராணி மரி அந்துவானெத் தனக்காகக் கட்டிக்கிட்ட குட்டி கிராமத்தை விட்டுடாதே. கூரை வேய்ந்த வீடு, குளம், காய்கறிப் பாத்தி, ஆடு எல்லாம் இருக்கு. எனக்கு அரண்மனையை விட அதுதான் பிடிச்சது.

அப்புறம் அரண்மனை. குழந்தை வண்டியை வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க, அதனால குட்டி முன்னாடியே கொஞ்சம் தூங்கி எழுந்திருக்கட்டும். கண்ணாடி மண்டபத்து ஜன்னல் 17-ம் மேற்கே பார்த்தது. சாயங்கால வெயில் உள்ளே வந்து எதிர்ச்சுவர்ல இருக்கிற 357 கண்ணாடியிலயும் விழும். கிட்டப் போய்ப் பாரு: ஒவ்வொரு வளைவும் 21 சின்னக் கண்ணாடியைச் சேர்த்துப் பதிச்சது. அவ்வளவு பெரிய ஒற்றைக் கண்ணாடி செய்ய அப்போ வழியில்லை. முதல் உலகப் போருக்கு அப்புறம், 1919 ஜூன் 28-ல ஜெர்மனி சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டதும் இதே மண்டபத்துலதான்.

திங்கட்கிழமை மட்டும் போயிடாதே. அன்னைக்கு அரண்மனைக்கு லீவு.