வீட்டில எப்ப சொல்லுறது?

"நல்ல இடத்துச் சம்பந்தம் வந்திருக்கு, என்ன சொல்லுறாய்?" வட இலங்கையின் பரந்தனில் தன்பாலீர்ப்புள்ள பெடியனோ பெட்டையோ அதிகம் அஞ்சும் கேள்வி இதுதான். அது வந்த அன்றே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளைக் குறிக்க வேண்டியவர் நீங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை இவை.

1. சட்டத்தை அறியுங்கள்
இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தண்டிப்பது பாலியல் செயல்களை. "நான் இப்படித்தான்" என்று சொல்வது குற்றமில்லை. அப்பிரிவுகளைத் திருத்த அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. தன்பாலீர்ப்பை நோய் என்பவர்களுக்கும் பதில் உண்டு: உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

2. கையிருப்பைப் பாருங்கள்
படிப்புச் செலவை நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமா? வீட்டை விட்டுப் போகச் சொன்னால் தங்க இடம் உண்டா? அடையாள அட்டை, சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் உங்களிடம் இருக்கின்றனவா? ஒன்றுக்கேனும் பதில் 'இல்லை' என்றால் பொறுங்கள். பொறுத்திருப்பது பொய் சொல்வதாகாது.

3. ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்
மற்றவர் வீட்டுக் கதையை உங்களிடம் கொண்டுவராதவரே உங்கள் கதையையும் காப்பார். "இது உன்னோட இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பரந்தன் சந்தியில் ஒரு கடையில் விழுந்த கதை பொழுதுபடமுன் பக்கத்துக் குமரபுரம் முழுக்கப் பரவிவிடும்.

4. உங்களைப் போன்றவர்களைத் தேடுங்கள்
வீட்டில் சொல்லுமுன் இதைச் செய்வது நல்லது. பிறகு அழ ஒரு தோள் இருக்கும். 2004இல் தொடங்கிய 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பு கொழும்பில் இயங்குகிறது. யாழ்ப்பாணத்திலும் வானவில் நடைபவனி நடந்திருக்கிறது. ஏ-9 வீதியில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான்.

டேட்டிங் செயலியில் அறிமுகமானவரை முதலில் வீடியோ அழைப்பில் பாருங்கள். முதற் சந்திப்பு பகலில், ஆட்கள் நடமாடும் தேநீர்க் கடையில் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். முகம் தெரியும் அந்தரங்கப் படம் அனுப்பாதீர்கள். மிரட்டிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்; ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்து, சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

5. வீட்டில் சொல்லும்போது
போரில் கணவனையோ மூத்த பிள்ளையையோ பறிகொடுத்த தாய்க்கு, மிஞ்சிய பிள்ளையின் கலியாணம் சிதறிய குடும்பத்தைத் திரும்பக் கட்டுவது போன்றது. அவரது அழுகையில் வெறுப்பைவிட அந்தப் பயமே கூட இருக்கும். ஆகவே சண்டைக்கு நடுவிலோ, தரகர் வந்துபோன சூட்டிலோ சொல்லாதீர்கள். சொந்தக்காரர் இல்லாத ஒரு பின்னேரம், தேத்தண்ணி குடித்து முடிந்தபின் சுருக்கமாகச் சொல்லுங்கள். பெடியன் என்றால் இப்படி: "அம்மா, என்னால ஒரு பொம்பிளையையும் கட்டேலாது. எனக்கு ஆம்பிளையளிலதான் விருப்பம். நீங்க வளத்ததில ஒரு பிழையும் இல்லை. உங்களை விட்டுட்டுப் போகமாட்டன்."

உடனே பதில் கேட்காதீர்கள். 'மாற்றிவிடலாம்' என்று வைத்தியரிடமோ சாமியாரிடமோ கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

நீங்கள் பல வருடம் எடுத்து விளங்கிக்கொண்டதை அம்மா ஒரு பின்னேரத்தில் விளங்கிக்கொள்ள மாட்டார். காலம் கொடுங்கள். ஆனால் அவரைச் சமாதானப்படுத்த மட்டும் கலியாணத்துக்கு ஓம் சொல்லாதீர்கள். அங்கே இன்னொரு பிள்ளையின் வாழ்க்கையும் இருக்கிறது.