விரைவும் விழிப்பும்

இத்தாலி நாட்டின் வடபால் அமைந்த மிலான் பெருநகருக்கு அணித்தே மான்சா என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் அரச பூங்காவிலே 1922ஆம் ஆண்டு கார்ப் பந்தயத்திற்கெனத் தனிப் பாதை ஒன்று அமைக்கப்பெற்றது. ஈராண்டு கழித்து அப்பாதையில் நடைபெற்ற இத்தாலியப் பெரும் பந்தயத்தில் வாகை சூடியவர் அன்டோனியோ அஸ்காரி என்பவர். அவருடைய மைந்தரே, 1952, 1953 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து உலக வாகையர் பட்டம் பெற்ற ஆல்பெர்ட்டோ அஸ்காரி.

ஆல்பெர்ட்டோ 1918ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள் மிலானில் பிறந்தார். அவருக்கு ஏழு வயது நிறைந்து பதின்மூன்று நாட்களே ஆகியிருந்தன. பிரான்சு நாட்டின் மான்லெரிப் பாதையில் எல்லோருக்கும் முன்னே விரைந்துகொண்டிருந்த தந்தையின் கார், ஓரத்து வேலியில் மோதிக் கவிழ்ந்தது. அன்டோனியோ உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 36.

தந்தையைப் பலிகொண்ட தொழிலை மகன் வெறுத்திருப்பார் என்றே எவரும் எண்ணுவர். அவரோ இளமையிலேயே மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஈடுபட்டார். 1940ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கார்ப் பந்தயத்தில் கலந்துகொண்டார். அன்று அவர் ஓட்டிய காரை ஆக்கியவர் என்ஸோ பெராரி. ஆல்பா ரோமியோ நிறுவனத்தின் கார்களை அன்டோனியோவுடன் ஓட்டிய பழைய தோழர் அவர். பின்னர் உலகப் போர் வந்து பந்தயங்களை நிறுத்திவிட்டது. போர் ஓய்ந்தபின், தம்மினும் ஒன்பதாண்டு மூத்தவரான லூய்ஜி வில்லொரேஸி என்னும் வீரரின் தூண்டுதலால் அஸ்காரி மீண்டும் களம் புகுந்தார். 1949ஆம் ஆண்டு இருவரும் பெராரியின் அணியிலே சேர்ந்தனர். அவ்வாண்டே, தந்தை வென்ற மான்சாவில் மகனும் இத்தாலியப் பெரும் பந்தயத்தை வென்றார்.

விரைவே குறியான தொழிலில் இருந்தும் அஸ்காரி துடுக்குடையவர் அல்லர். வளைவுகளில் காரை வழுவாது, சீராகத் திருப்புவதே அவருடைய முறை. தந்தையின் முறை இதற்கு மாறானது; அவர் மோதிப் பார்க்கும் இயல்பினர். மகனோ காரின் ஆற்றலையும் தம் ஆற்றலையும் அளந்தறிந்து, அவ்வளவைக் கடவாதிருக்க முயன்றார். தாம் அணியும் வெளிர்நீலத் தலைக்கவசத்தையும் ஏனைய உடைமைகளையும் பிறர் தொடுதற்கு அவர் இடங்கொடுப்பதில்லை. கரும்பூனை குறுக்கே வந்தால் வேறு வழியாகச் செல்வார். இவை மூட நம்பிக்கைகளே. எனினும், எதனையும் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது என்ற கவலையே இவற்றின் அடியில் இருந்தது எனலாம்.

முந்திச் செல்லும்போது அஸ்காரியை வெல்லுதல் அரிது, பிந்தியிருக்கும்போது அவருக்கு அத்துணை உறுதி இல்லை என்பது பெராரியின் கருத்து. 1952ஆம் ஆண்டின் ஜெர்மானியப் பந்தயம் இக்கருத்துக்கு ஒருவாறு மறுமொழி கூறுகிறது. சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளமுடையது நூர்புர்க்ரிங் மலைப்பாதை. பந்தயம் முடியும் தறுவாயில், முதல்வராகச் சென்ற அஸ்காரி எண்ணெய் ஊற்றுவதற்காக நிற்க நேர்ந்தது. அதற்குள் அதே அணியைச் சேர்ந்த பரீனா முந்திவிட்டார். அஸ்காரி மனம் கலங்காது பின்தொடர்ந்து, அவரைத் தாண்டி வெற்றியும் பெற்றார்.

அவ்வாண்டு பட்டத்திற்குரிய பந்தயங்களில் ஆறினை அவரே வென்றார். 1952ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு அதே நாட்டில் முடிய, பட்டத்திற்குரிய பந்தயங்களில் அவர் கலந்துகொண்ட ஒன்பதிலும் அடுத்தடுத்து வெற்றி கண்டார். அவருக்கு நற்காலமும் துணைநின்றது என்பதை மறைத்தல் ஆகாது. ஆல்பா ரோமியோ நிறுவனம் களத்தினின்று விலகியிருந்தது. அர்ஜென்டினாவின் பெருவீரர் பாஞ்சியோ 1952இல் மான்சாவில் படுகாயமுற்று அவ்வாண்டின் எஞ்சிய பகுதியை இழந்தார். பொறியியலாளர் லாம்ப்ரெடி வகுத்த பெராரிக் கார் ஏனையவற்றினும் மேம்பட்டிருந்தது. எனினும் அதே காரை ஓட்டிய பிறர் அவருக்குப் பின்னரே வந்தனர்.

1954இல் அவர் லான்சியா நிறுவனத்தில் சேர்ந்தார். புதிய கார் உருவாகக் காலம் கடந்தமையால், அவ்வாண்டு பெரும்பாலும் காத்திருப்பிலேயே கழிந்தது. இடையில் இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயத்தை மட்டும் வென்றார்.

1955ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் மொனாக்கோவில் பந்தயம் நடந்தது. முன்னே சென்ற மாஸ் என்னும் ஆங்கில வீரரின் கார் பழுதுற, முதலிடம் அஸ்காரியின் கைக்கு எட்டியது. அந்நேரத்தில் அவருடைய கார் வளைவில் நிலைதவறி, தடுப்பை உடைத்துக்கொண்டு துறைமுகக் கடலில் வீழ்ந்தது. கார் மூழ்கிற்று, சில நொடிகளில் அஸ்காரியின் தலை நீருக்கு மேலே தோன்றியது! மூக்கெலும்பு முறிவும் சிறு காயங்களும் தவிர வேறு ஊறு இல்லை.

நான்கு நாட்கள் சென்றன. மே 26ஆம் நாள் மான்சாவில் காஸ்டெலோட்டி என்னும் இளம் வீரர் பெராரிக் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வரும் பந்தயத்தில் அக்காரை அவரும் அஸ்காரியும் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு. காண வந்த அஸ்காரி, தாமும் சில சுற்றுகள் ஓட்டிப் பார்க்க விரும்பினார். வழக்கமான பந்தய உடையில்லை. கழுத்துப்பட்டையோடு அன்றாட உடையில் இருந்தார். நீலத் தலைக்கவசமும் உடன் இல்லை. நண்பரின் கவசத்தை வாங்கி அணிந்தார். தம் பொருளைப் பிறர் தொடவும் பொறாதவர், அன்று பிறர் பொருளை இரவல் பெற்றார். விபத்துக்குப்பின் நெடுநாள் தயங்கியிருந்தால் அச்சம் நிலைத்துவிடும் என அவர் கருதியிருத்தல் கூடும்.

மூன்றாம் சுற்றில், வியலோனே என்னும் வளைவில் கார் புரண்டது. தூக்கி எறியப்பட்ட அஸ்காரி சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். அவருக்கும் வயது 36. தந்தை மாண்டதும் ஒரு திங்களின் 26ஆம் நாளே. இவ்வொற்றுமைகளைக் கண்டு பலர் ஊழ் என்றனர்; தற்செயல் என்பதே பொருந்தும். விபத்தின் காரணம் இன்றுவரை துணியப்படவில்லை.

மிலானின் பெருங்கல்லறைத் தோட்டத்தில் தந்தையின் அருகே அவரை அடக்கம் செய்தனர். லான்சியா நிறுவனம் பந்தயத்தை விட்டு விலகித் தன் கார்களைப் பெராரியிடம் ஒப்படைத்தது. அவ்வகைக் கார்களைக் கொண்டே பாஞ்சியோ 1956ஆம் ஆண்டின் உலகப் பட்டத்தை வென்றார். மான்சாவில் அஸ்காரி வீழ்ந்த இடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருக்குப்பின் 2024ஆம் ஆண்டு முடியும் வரையில், இத்தாலியர் எவரும் அவ்வுலகப் பட்டத்தைப் பெறவில்லை.