ஒரே லேசரில் போகுமா பருத்தழும்பு?

கேள்வி: பரு அடங்கிவிட்டது, கன்னத்தில் குழிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. லேசர் ஒன்றே போதும் என்கிறார் ஒரு டாக்டர். இரண்டு மூன்று சிகிச்சைகளைச் சேர்த்துச் செய்யணும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, நார்த்தாமலை

பதில்: நான் இரண்டாமவர் கட்சி. கண்ணாடி முன் நின்று டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, தோலை விரலால் இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் மறைகிற பள்ளத்தை அடியிலிருந்து நார் பிடித்திழுக்கிறது. ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுத்துவிடுவார்கள். இதற்கு ‘சப்சிஷன்’ என்று பெயர். ஊசி குத்தினாற்போல் ஆழமாக நிற்கும் குழிக்குள் டிசிஏ அமிலத்தைச் சொட்டு வைப்பார்கள். மேல்தோலைச் சமன்செய்ய அப்புறம்தான் நுண்ணூசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங்கோ லேசரோ. நம் மாநிறத் தோலில் லேசர் சூடு மிஞ்சினாலோ, பிறகு வெயில் பட்டாலோ கருந்திட்டு விழும். அதனால் லேசருக்கு முன் உங்கள் ஊர் முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழா வெயிலெல்லாம் முடியட்டும். சன்ஸ்கிரீனை இன்றே தொடங்குங்கள். தழும்பு சுத்தமாக மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால், பர்ஸைத் திறக்காதீர்கள்.